காபிக்கு சோயா, ஓட்ஸ், பாதாம் பால்: நுரை சொதப்பும்போது எங்கே பார்க்க வேண்டும்

தாவரப் பாலில் நுரை சரியாக வராவிட்டால் பலரும் முதலில் சந்தேகப்படுவது கருவியை, அப்புறம் தங்கள் கையை. பெரும்பாலும் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். மாட்டுப்பாலுக்குப் பழகிய அதே சூட்டையும் அதே அளவு காற்றையும் இதற்கும் கொடுப்பதில்தான் பாதிக் கோளாறு வருகிறது. மீதிப் பாதி, நுரைக்க வழியே இல்லாத பாலை வாங்கி வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவதில் வருகிறது. கீழே ஒவ்வொரு கோளாறையும் அது கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே தலைப்பாகப் போட்டிருக்கிறேன், உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன்னால், எந்தக் கோளாறாக இருந்தாலும் சரி, மூன்று காரியம் செய்துவிடுங்கள். பாக்கெட்டை நன்றாகக் குலுக்குங்கள், பத்து விநாடியாவது. நுரையைத் தாங்குகிற பொருள்களில் நிறைய அடியில் போய்ப் படிந்திருக்கும், மேலே நிற்பது வெறும் தண்ணிப் பால். இரண்டாவது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சில்லென்று இருக்கும்போதே நுரைக்க ஆரம்பியுங்கள். குளிர்ந்த பால் சூடேற நேரம் எடுக்கும், அந்த நேரம்தான் காற்றைச் சேர்க்கவும் குமிழியைப் பொடியாக்கவும் உங்களுக்குக் கிடைக்கிற அவகாசம். மூன்றாவது, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பாலையும் மாற்றி, சூட்டையும் குறைத்து, காபியையும் மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

நுரையே வரவில்லை

பாக்கெட்டைத் திருப்பி, 100 மில்லிக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். குமிழி என்பது காற்று, அதைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் இருந்தால்தான் நிற்கும், அந்தத் தோலை உண்டாக்குவது பெரும்பாலும் புரதம். மாட்டுப்பாலில் 100 மில்லிக்கு 3 கிராமுக்கு மேல் இருக்கிறது. சோயா பாலில் ஏறத்தாழ அதே அளவு இருக்கும், பட்டாணிப் பாலிலும் 2, 3 கிராம் வரும், அதனால் இவை இரண்டும் சாதாரணமாகவே நுரைக்கும். ஓட்ஸ் பாலில் 1 கிராம் இருந்தால் நல்லது, பலவற்றில் அதைவிடக் குறைவு. பாதாம் பால் என்று விற்பதில் பாதாம் பல சமயம் 2, 3 சதவீதம்தான், மீதி தண்ணீர், புரதமோ அரை கிராம் அளவில் நிற்கும். அரிசிப் பாலிலும், குடிப்பதற்கென்று நீர்க்க வைத்த தேங்காய்ப் பாலிலும் புரதம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை.

புரதம் குறைவாக இருந்தும் நன்றாக நுரைக்கிற பால் உண்டு. பாக்கெட்டில் 'பாரிஸ்டா' என்று போட்டிருப்பவை அந்த ரகம். விளம்பரத்துக்கு ஒட்டிய பெயர் என்று ஒதுக்கிவிடாதீர்கள், உள்ளே நிஜமாகவே வேறு கலவை இருக்கிறது: கொஞ்சம் தாவர எண்ணெய், அமிலத்தைத் தாங்கப் பாஸ்பேட் உப்பு, ஜெல்லன் கம் போன்ற பிசின், சிலவற்றில் கூடுதலாகப் பட்டாணிப் புரதம். ஓட்ஸ் பால் நுரைக்கவில்லை என்பவர்களில் நிறையப் பேர் கையில் இருப்பது சாதா ஓட்ஸ் பால். அதற்குக் கருவி மாற்றிப் பயனில்லை, பாக்கெட்டை மாற்றினால் போதும்.

பால்தான் காரணமா, கருவியா என்று தெரியாவிட்டால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சர்க்கரை சேர்க்காத சாதாரண சோயா பாலை வாங்கி அதே கருவியில் அதே மாதிரி அடித்துப் பாருங்கள். சோயா நுரைத்தால் கருவியும் கையும் சரி, முதலில் வைத்திருந்த பாலில்தான் குறை. சோயாவும் நுரைக்கவில்லையா, அப்போது கருவியைப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் கைக் கருவியாக இருந்தால் பேட்டரி இறங்கியிருக்கும். சுற்றுகிறதே என்று நினைப்போம், ஆனால் பாலுக்குள் இறங்கியதும் வேகம் பாதியாகிவிடும், அந்த வேகத்தில் பால் சுழலுமே தவிர காற்று உள்ளே போகாது. பிளக்கில் மாட்டும் ஜக் வகையாக இருந்தால் அதோடு இரண்டு சுழலிகள் வந்திருக்கும், கம்பிச்சுருள் சுற்றியது நுரைக்கு, சுருள் இல்லாதது வெறுமனே கலக்கிச் சூடாக்குவதற்கு. சுருள் கழன்று பாத்திரம் கழுவும் தொட்டியில் போனது தெரியாமல் மாதக்கணக்கில் வெறும் சுழலியோடு போராடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, பாத்திரம். எண்ணெய்ப் பிசுக்கு லேசாக ஒட்டியிருந்தாலும் குமிழியின் தோல் நிற்காது. கழுவிய சோப்பு சரியாகப் போகாமல் இருந்தாலும் அதே கதி, சோப்பு புரதத்தை விலக்கிவிட்டு அது போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஜக்கை வெந்நீரில் நன்றாக அலசிவிட்டு இன்னொரு தடவை முயன்று பாருங்கள்.

பாதாம் பாலைத்தான் குடிப்பேன், பாரிஸ்டா வகை கிடைக்கவில்லை என்றால், பாதிக்குப் பாதி சோயா பால் கலந்து அடிப்பதே எனக்குத் தெரிந்த நல்ல வழி. பாதாம் ருசி முழுதாகப் போகாது, நுரை மட்டும் வேறு மாதிரி ஆகிவிடும்.

பெரிய பெரிய குமிழியாக, சோப்பு நுரை மாதிரி வருகிறது

காற்று அதிகம், அல்லது காற்று தாமதமாகப் போகிறது. தாவரப் பாலில் இது மாட்டுப்பாலைவிடச் சட்டென்று நடக்கும், ஏனென்றால் உள்ளே போன பெரிய குமிழியை உடைத்துப் பொடியாக்கித் தாங்குகிற அளவுக்கு இதில் புரதம் இல்லை. மாட்டுப்பாலுக்குக் கொடுப்பதில் பாதிக் காற்று கொடுத்தாலே பல சமயம் போதுமானது.

நீராவிக் குழாய் உள்ள எஸ்பிரெஸோ மெஷின் என்றால் காதை நம்புங்கள். குழாயின் நுனி பாலின் மேற்பரப்புக்கு ஒரு இழை கீழே இருக்கும்போது 'ட்ஸ்ஸ், ட்ஸ்ஸ்' என்று காகிதம் கிழிபடும் சத்தம் விட்டுவிட்டு வரும். அதுதான் காற்று போகும் சத்தம். மூன்று நான்கு விநாடி அது கேட்டால் போதும், உடனே ஜக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி நுனியை அமிழ்த்திவிடுங்கள், சத்தம் அடங்கிப் பால் ஒரு பக்கமாகச் சுழல ஆரம்பிக்க வேண்டும். அந்தச் சுழற்சிதான் குமிழியை அரைத்துப் பொடியாக்குகிறது. 'பொளக் பொளக்' என்று குமுறினால் நுனி மேலே வந்துவிட்டது. வீல் என்று கத்தினால் நுனி அடியாழத்தில் இருக்கிறது, காற்றே போகவில்லை, பால் வெந்துகொண்டு மட்டும் இருக்கிறது. ஜக்கைத் தொட்டால் இன்னும் சூடு உறைக்காத நிலையிலேயே, அதாவது உடல் சூட்டைத் தாண்டுவதற்குள், காற்று சேர்க்கும் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்குமேல் போகும் காற்று குமிழியாகவே நின்றுவிடும்.

விலை குறைந்த வீட்டு மெஷின்கள் பலவற்றில் குழாயின் மேல் ஒரு தடித்த உறை மாட்டியிருக்கும், அதன் பக்கவாட்டில் சின்னத் துளை. அந்தத் துளை பாலுக்கு மேலே இருக்கும்வரை உறை தானாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாது. கொஞ்சம் நுரைத்ததும் ஜக்கை உயர்த்தித் துளையைப் பாலுக்குள் மூழ்கடித்தால் காற்று நிற்கும், சூடு மட்டும் போகும். இதைத் தெரிந்துகொண்டாலே அந்த வகை மெஷினில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நீராவியைத் திறப்பதற்கு முன் குழாயில் தேங்கிய தண்ணீரை ஒரு துணியில் வெளியேற்றிவிடவும் மறக்காதீர்கள், ஏற்கெனவே நீர்த்த பாலில் அந்தத் தண்ணீரும் சேர்ந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கைக் கருவி என்றால் உயரமான குவளையில் மூன்றில் ஒரு பங்கு பால் ஊற்றி, குவளையைச் சாய்த்துப் பிடித்து, சுழலியை மேற்பரப்பை ஒட்டி வைத்துச் சில விநாடி காற்று சேருங்கள். அப்புறம் அடிக்கு இறக்கி அங்கேயே வைத்திருங்கள். மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருந்தால் பெரிய குமிழி வந்துகொண்டேதான் இருக்கும். ஃபிரெஞ்ச் பிரஸ், அதாவது வலைத்தட்டை அழுத்திக் காபி வடிக்கும் குவளை, வைத்திருப்பவர்களுக்கு என் கணிப்பில் இதைவிட நல்ல கருவி தேவையே இல்லை: அது தானாகச் சூடாக்காது என்பதால் இதற்கு மட்டும் முன்பே சூடாக்கிய பாலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் ஊற்றி, முதல் பத்து இழுப்பு மேற்பரப்பைத் தாண்டி முழுதாக, அடுத்த பத்து பதினைந்து இழுப்பு பாலுக்குள்ளேயே குட்டையாக, வேகமாக. வலைத்தட்டு குமிழியை வடித்துப் பொடியாக்கிவிடும். பழைய காபித் தூளின் எண்ணெய் வலையில் ஒட்டியிருந்தால் மட்டும் பலிக்காது, பாலுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம்.

ஏற்கெனவே பெரிய குமிழி வந்துவிட்டதா? ஜக்கை மேடைமேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வேகமாகச் சுழற்றுங்கள். மேலாக உள்ளவை உடையும். அதற்கும் அடங்காவிட்டால் மேல் நுரையைக் கரண்டியால் வழித்து ஒதுக்கிவிட்டு அடியில் இருப்பதை ஊற்றுங்கள். மறுபடி சூடாக்கி அடிக்க மட்டும் வேண்டாம், ஒரு தடவை வெந்த புரதம் இரண்டாம் தடவை அவ்வளவாக ஒத்துழைக்காது.

நன்றாக நுரைக்கிறது, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது

சூட்டைப் பாருங்கள். மாட்டுப்பாலை 60, 65 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோவது வழக்கம். சோயாவுக்கும் ஓட்ஸுக்கும் 55 முதல் 60 போதும், பாதாமுக்கும் தேங்காய்க்கும் 50 முதல் 55. அதைத் தாண்டினால் புரதம் கெட்டிப்பட்டுத் தோலிலிருந்து விலகும், உள்ளே உள்ள தண்ணீரும் இளகி வேகமாகக் கீழே வடியும், நுரை மேலே காய்ந்து உடையும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஜக்கின் பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். கை தானாக விலகுகிற சூடு என்றால் 60-ஐத் தொட்டாயிற்று அல்லது தாண்டியாயிற்று. நன்றாகச் சுடுகிறது, ஆனால் இன்னும் ஒரு கணம் வைத்திருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று டிகிரி ஏறும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காபி ஆறிப்போயிருக்குமே என்ற கவலை நியாயமானதுதான். அதற்குப் பாலை அதிகம் சுட வைப்பதைவிடக் கோப்பையை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்துக்கொள்வது நல்லது.

சூடு சரியாக இருந்தும் அடங்கினால் தாமதம்தான் காரணம். தாவரப் பால் நுரை காத்திருக்காது. முதலில் காபியைப் போட்டு முடித்துவிட்டுப் பாலை அடியுங்கள், அடித்ததும் ஊற்றுங்கள். பாலை அடித்து வைத்துவிட்டுக் காபி போடப் போனால் திரும்பி வரும்போது ஜக்கில் கீழே பால், மேலே உலர்ந்த நுரை என்று இரண்டாகப் பிரிந்திருக்கும்.

ஊற்றும்போது முதலில் தண்ணியாகப் பால், கடைசியில் கட்டியாக நுரை விழுகிறது

மேலே சொன்னதற்குத் தம்பி. நுரை இருக்கிறது, பாலோடு கலக்கவில்லை. ஊற்றும்வரை ஜக்கை மேடைமேல் வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள், கையை நிறுத்தாதீர்கள். மேற்பரப்பு ஈரமான பெயின்ட் போல மினுங்க வேண்டும், மங்கலாக இருந்தால் இன்னும் கலக்கவில்லை. சுழற்றியும் சேரவில்லை என்றால் வேறு ஒரு ஜக்குக்கு மாற்றி மறுபடி இதில் ஊற்றினால் சேர்ந்துவிடும். பாதாம் பாலில் இது அடிக்கடி நடக்கும், ஓட்ஸ் பாரிஸ்டாவில் அபூர்வம். கோப்பையில் பூ, இதயம் என்று வரைந்து பழகுகிறவர்கள் ஓட்ஸில் ஆரம்பித்தால் மனம் தளராமல் இருக்கலாம்.

காபியில் ஊற்றியதும் திரிந்துவிடுகிறது

இதுதான் மனசை ரொம்பவும் கஷ்டப்படுத்தும் கோளாறு, ஏனென்றால் நுரை அழகாக வந்திருக்கும், ஊற்றவும் செய்திருப்போம், அரை நிமிடம் கழித்துப் பார்த்தால் மேற்பரப்பில் பொடிப்பொடியாக வெள்ளைத் துணுக்குகள் எழும்பி வரும், கரண்டி விட்டுக் கலக்கினால் அடியிலிருந்து இன்னும் பெரிய துணுக்குகள். பெரும்பாலும் பால் கெட்டுப்போகவில்லை. வாடை நன்றாக இருந்தால் குடித்தாலும் ஒன்றும் செய்யாது, வாய்க்குத்தான் பிடிக்காது.

நடப்பது இதுதான். காபி அமிலத்தன்மை உள்ளது, அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). சோயாப் புரதம் பிஎச் 4.5-ஐ நெருங்கும்போது ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் சக்தியை இழந்து திரண்டுகொள்ளும். சூடும் சேர்ந்தால் 5-க்கு மேலேயே திரள ஆரம்பித்துவிடும். டோஃபு செய்கிறவர்கள் வேண்டுமென்றே இதைத்தான் செய்கிறார்கள், சூடான சோயா பாலில் அமிலமோ கால்சியம் உப்போ சேர்த்துத் திரிய வைக்கிறார்கள். கூடுதல் கால்சியம் சேர்த்து விற்கும் சோயா பால்களில் சில காபியில் சட்டென்று திரிவதற்கும் அந்தக் கால்சியம் ஒரு காரணம். மாட்டுப்பாலுக்கு அமிலத்தை உள்வாங்கிச் சமாளிக்கும் திறன் அதிகம், அதனால் அதே காபியில் அது திரியாது.

ஆகவே குறைக்க வேண்டியவை இரண்டு: அமிலம், சூட்டு அதிர்ச்சி. அமிலத்துக்கு முதல் தீர்வு காபியிலேயே இருக்கிறது. லேசாக வறுத்த கொட்டையில் புளிப்பு அதிகம், கருக வறுத்ததில் குறைவு. அராபிகாவைவிட ரோபஸ்டாவில் புளிப்பு குறைவு. போட்டுவிட்டுச் சூட்டுத்தட்டில் நெடுநேரம் வைத்த காபி நேரமாக ஆகப் புளிப்பேறும், எனவே காலையில் சரியாக இருந்த அதே பால் மதியம் அதே பிளாஸ்கிலிருந்து ஊற்றிய காபியில் திரிந்தால் பாலைக் குற்றம் சொல்லாதீர்கள்.

சூட்டு அதிர்ச்சிக்கு, கொதிக்கக் கொதிக்க இருக்கும் காபியை ஒரு நிமிடம் ஆற விடுங்கள், பாலையும் 55 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள். அப்புறம் ஊற்றும் வரிசை. நுரைத்த பாலைக் கோப்பையில் முதலில் ஊற்றி, அதன்மேல் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். பாலின்மேல் காபி விழும்போது ஆரம்பத்தில் பால் அதிகம், அமிலம் குறைவு, படிப்படியாகத்தான் கூடும். மாற்றி ஊற்றினால் முதல் துளிப் பால் முழு அமிலத்தில் போய் விழுந்து அங்கேயே திரிகிறது. நுரைமேல் ஓவியம் வரைய முடியாது என்பது உண்மைதான், ஆனால் திரிந்த காபியில் வரைந்து என்ன பயன்.

இவ்வளவும் செய்து கேட்கவில்லை என்றால் பாக்கெட்டில் டைபொட்டாசியம் பாஸ்பேட் போன்ற பொட்டாசியம் பாஸ்பேட் உப்பு இருக்கிறதா என்று பாருங்கள், சில பாக்கெட்டுகளில் பெயருக்குப் பதில் 340 என்ற எண் மட்டும் இருக்கும். அமிலத்தைச் சமாளிக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள், அது உள்ள பால் திரிவது மிகவும் அரிது. வீட்டில் அரைத்த பாலுக்கு அதே வேலையைச் சமையல் சோடா செய்யும்: ஒரு கோப்பைப் பாலுக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, நுரைப்பதற்கு முன்பே கரைத்துவிடுங்கள். கூடிவிட்டால் சவர்க்கார ருசி வரும், அதை எதனாலும் சரிசெய்ய முடியாது.

ஒரே பால், ஒரே காபி, நேற்று வரை திரியவில்லை, இன்று திரிகிறது என்றால் மட்டும் பாலைச் சந்தேகப்படுங்கள். திறந்த பாக்கெட் நாளாக ஆக லேசாகப் புளிக்கும், நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே காபிக்குத் தெரிந்துவிடும். திறந்தபின் எத்தனை நாள் என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை மதியுங்கள், திறந்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள்.

பால் கொழகொழவென்று ஆகிறது

வீட்டில் அரைத்த ஓட்ஸ் பால்தானே? ஓட்ஸில் மாவுச்சத்து நிறைய, 60 டிகிரியை நெருங்கும்போது அது தண்ணீரை உறிஞ்சி வீங்கிக் கஞ்சியாகிறது. போதாததற்கு பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்தும் வழவழப்பு சேர்க்கிறது. கடையில் வாங்குவது அப்படி ஆகாததற்குக் காரணம், அதில் என்சைம் சேர்த்து மாவுச்சத்தை மால்டோஸ் போன்ற சிறிய சர்க்கரைகளாக உடைத்துவிடுகிறார்கள். சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்ட் ஓஸ்ட்டே 1990-களில் உருவாக்கிய இந்த என்சைம் முறையிலிருந்துதான் ஓட்ஸ் பால் விற்கும் ஓட்லி நிறுவனமே பிறந்தது. சர்க்கரை சேர்க்கவில்லை என்று போட்ட ஓட்ஸ் பாலும் இனிப்பதற்கு அந்த மால்டோஸ்தான் காரணம்.

வீட்டில் அந்த வேலையைச் செய்யாமல் இருப்பதால் நம்மால் முடிந்தது மாவுச்சத்து குறைவாக இறங்கும்படி பார்த்துக்கொள்வதுதான். ஐஸ் தண்ணீரில் அரையுங்கள், அரை நிமிடத்துக்கு மேல் மிக்ஸியை ஓட்டாதீர்கள், துணியில் வடிகட்டும்போது பிழியாதீர்கள், தானாக இறங்குவது போதும். இவ்வளவு செய்தும் சூடான நுரைக்கு அது சுமார்தான். நேர்மையாகச் சொன்னால், வீட்டு ஓட்ஸ் பாலைக் குளிர்ந்த காபிக்கு வைத்துக்கொண்டு, சூடான காபிக்கு வேறு பால் எடுத்துக்கொள்வதே நிம்மதி.

கடையில் வாங்கியதே கொழகொழத்தால் சூடு மிக அதிகம், இல்லையென்றால் பிசின் அதிகமுள்ள கலவை.

மேலே எண்ணெய் மிதக்கிறது

தேங்காய்ப் பாலிலும் வீட்டில் அரைத்த முந்திரி, பாதாம் பாலிலும் வரும். கொழுப்பு பாலோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, அப்படித் தனியாக நிற்கும் கொழுப்பு நுரையையும் உடைக்கும். அரை லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சூரியகாந்தி லெசித்தின் சேர்த்து மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓட்டினால் எண்ணெயையும் தண்ணீரையும் அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், நுரையும் கூடும். அரைத்த பாலை மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள், நாக்கில் நெருடும் துகள் இருக்கும்வரை நுரை பட்டுப்போல வராது. சமையலுக்கான கெட்டித் தேங்காய்ப் பாலை நுரைக்க முயல வேண்டாம், அது வேறு பொருள். அதில் இரண்டு ஸ்பூனை ஓட்ஸ் பாலில் கலந்து அடித்தால் ருசிக்கு ருசி, நுரைக்கு நுரை.

வெந்த வாடை, வேகாத பயறின் பச்சை வாடை, அடிப்பிடித்த வாடை

வெந்த வாடை என்றால் சூடு. பாதாமில் 60-ஐத் தாண்டினாலே ருசி மாறும். பச்சை வாடை வீட்டில் செய்த சோயா பாலில் வந்தால் சரியாகக் காய்ச்சவில்லை என்று பொருள். அதை ருசிக்காக மட்டும் சொல்லவில்லை: வேகாத சோயாவில் புரதத்தைச் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, வயிற்றைப் புரட்டும். அரைத்து வடித்த பாலைக் கொதி வந்தபின் சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கிண்டிக்கொண்டே காய்ச்சி, ஆற வைத்து, குளிர வைத்துத்தான் நுரைக்க வேண்டும். பொங்கி வழியும், பெரிய பாத்திரமாக எடுங்கள். கொதிக்கும் முன்பே நுரைத்துக்கொண்டு எழும்பும், அதைக் கொதி என்று எண்ணி அடுப்பை அணைத்துவிடாதீர்கள்.

அடிப்பிடித்த வாடை மின்சார ஜக்கில் வரும். ஓட்ஸ் பாலின் சர்க்கரையும் மாவும் அடித்தட்டில் பழுப்பாக ஒரு படலம் கட்டும், அடுத்தடுத்த தடவை அதுவே கருகும். ஒவ்வொரு தடவையும் ஆறுவதற்கு முன்பே வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு மெத்தென்ற துணியால் துடைத்தால் படலம் கட்டாது. கம்பி நார் போட்டால் பூச்சு போய்விடும், அப்புறம் ஒவ்வொரு நாளும் பிடிக்கும்.

மின்சார ஜக் பாதியில் நின்றுவிடுகிறது

ஏற்கெனவே சூடான பாலை ஊற்றினீர்களா? பல ஜக்குகள் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் தானாக நிற்கும்படி செய்தவை, சூடான பாலை ஊற்றினால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி உடனே நிற்கும். இரண்டாவது ரவுண்டு அடிக்கும்போதும் இதே காரணத்தால் நிற்கும், குளிர்ந்த நீரில் அலசிவிட்டு ஊற்றுங்கள். உள்ளே நுரைக்கென்று ஒரு கோடு, சூடாக்க மட்டும் என்று அதற்கு மேலே இன்னொரு கோடு இருக்கும், கீழ்க் கோட்டைத் தாண்டி ஊற்றினால் வழியும்.

அடியில் வெள்ளை மாவு தங்குகிறது

சேர்த்த கால்சியம். குலுக்குங்கள், போதும்.

கருவியே இல்லை, மூடி போட்ட பாட்டிலில் குலுக்குகிறேன், மூடியைத் திறந்ததும் பீச்சியடிக்கிறது

சூடான பாலை மூடிய பாட்டிலில் குலுக்கவே கூடாது, ஆவியின் அழுத்தத்தில் மூடி தெறித்துக் கையும் முகமும் வெந்துபோகும். குளிர்ந்த பாலைப் பாதிக்கும் குறைவாக ஊற்றி, மூடி இறுக்கி, முக்கால் நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். அப்புறம் மூடியைக் கழற்றிவிட்டு, பாட்டில் மைக்ரோவேவுக்கு ஏற்றதாக இருந்தால் மட்டும், அரை நிமிடம் சூடாக்குங்கள். சூட்டில் நுரை எழும்பிக் கொஞ்சம் கெட்டிப்படும். முதலில் பாலை ஊற்றி, நுரையைக் கரண்டியால் மேலே வைத்துக்கொள்ளலாம். சோயாவிலும் பாரிஸ்டா ஓட்ஸிலும் நன்றாக வரும், பாதாமில் சுமாராக வரும், அரிசிப் பாலில் வராது.